நால்வர் தூக்கிய கட்டில்

சென்ற தவக்காலத்தில் நமது பங்கு மன்றத்தில், வழக்கமாகக் காட்டும் பாடுகளின் படத்தை விடுத்து, பிரியதர்சன் இயக்கிய 'காஞ்சிவரம்' படத்தைத் திரையிட்டோம். காஞ்சி நகரையும் அதைச் சூழ்ந்த சிற்றூர்களையும் சேர்ந்த நெசவுக் குடும்பங்கள் நம் பங்கில் உண்டு. தங்கள் தொழிலைப் பற்றிய படத்தை அவர்கள் எப்படிப் பார்ப்பார்கள் என்று அறியும் ஆவல் நமக்கிருந்தது. தறியின் அமைப்பில் பிழை காண்பார்கள், நாடா ஓடும் விதத்தைக் குறை சொல்வார்கள் என்று எதிர்பார்த்திருந்தோம். படம் முடிந்து விளக்கு எரிந்த பின் சிறிது நேரம் ஒருவரும் வாய் திறக்கவில்லை. பிறகு பின்வரிசையில் சுவரோரம் அமர்ந்திருந்த மூதாட்டி ஒருவர், தார் சுற்றியே முதுமை கண்டவர், கேட்டார்: "ஏன் சாமி, அந்தப் பொண்ணப் பாத்துக்க அந்த ஊருல ஒருத்தருமா இல்ல?"

இந்தப் படத்தை நாம் பலமுறை பார்த்திருக்கிறோம். மறையுரைகளில் எடுத்துக்காட்டாகவும் கையாண்டிருக்கிறோம். நம் மனத்தில் இந்தக் கேள்வி ஒருமுறையும் எழுந்ததில்லை என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்ள வேண்டும். பேராசைக்கும் வாக்குறுதிக்கும் இடையே சிக்கிய ஒரு தந்தையின் கதை என்றே அதைப் படித்து வந்தோம். ஏழாம் கட்டளையை விளக்குவதற்கு வாய்ப்பான கதை என்றும் கருதினோம். அந்த மூதாட்டியின் கேள்விக்குப் பின் படத்தை மறுமுறை தனியே அமர்ந்து பார்த்தோம். இக்கட்டுரை அதன் விளைவு.

படத்தைப் பார்த்திராத வாசகர்களுக்காகக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 2008ஆம் ஆண்டு டொராண்டோ திரைப்பட விழாவில் காட்டப்பட்டு, 2009இல் திரையரங்குகளுக்கு வந்த இப்படம், 2007ஆம் ஆண்டுக்கான தேசிய விருதுகளில் சிறந்த படமாகத் தேர்வு பெற்றது. வேங்கடமாக நடித்த பிரகாஷ் ராஜ் சிறந்த நடிகர் விருதைப் பெற்றார். 1948ஆம் ஆண்டு, மழை பெய்யும் ஓர் இரவில், காவலரோடு பேருந்தில் ஊர் திரும்பும் கைதி வேங்கடம். பழைய நினைவுகளாகக் கதை விரிகிறது. மணப்பெண்ணைப் பட்டுடுத்தி அழைத்து வர ஆசைப்பட்டு முடியாமற்போன பட்டு நெசவாளி அவன். மகள் தாமரை பிறந்தபோது, அவளைப் பட்டுச் சேலையில்தான் மணமுடித்து அனுப்புவேன் என்று வாக்களிக்கிறான். சிறுகச் சிறுகச் சேர்த்த பணம் தங்கையின் வாழ்வைக் காக்க மைத்துனன் கைக்குப் போய்விடுகிறது. அதன்பின் வேலையிடத்திலிருந்து நூலை வாயில் அடக்கித் திருடிவந்து, இரவில் பூட்டிய கொட்டிலுக்குள் சேலையை நெய்கிறான். இதற்கிடையே ஊருக்கு வந்த எழுத்தாளர் ஒருவரால் பொதுவுடைமைக் கருத்துகள் பரவுகின்றன. வேங்கடமே நெசவாளர்களின் தலைவனாகி வேலைநிறுத்தத்தை நடத்துகிறான். மகளின் திருமண நாள் நெருங்கிவிட, சேலையோ பாதியில் நிற்க, நூலுக்காக அவனே வேலைநிறுத்தத்தை முறித்து உள்ளே போகிறான். பிடிபடுகிறான். சிறை. மனைவி அன்னம் முன்பே மறைந்துவிட்டாள். மகள் கிணற்றில் விழுந்து முடங்கிப்போகிறாள். இரண்டு நாள் விடுப்பில் வந்தவன், அவளைப் பார்த்துக்கொள்ளும்படி தங்கை வீட்டில் மன்றாடுகிறான். மறுக்கிறார்கள். சோற்றில் நஞ்சு கலந்து ஊட்டுகிறான். தறியிலிருந்து அறுத்து வந்த அரைச் சேலையால் உடலை மூடுகிறான். முகத்தை மூடினால் கால் தெரிகிறது, காலை மூடினால் முகம் தெரிகிறது.

வெளிவந்த காலத்தில் இப்படத்தைப் புகழ்ந்தவர்கள் அந்த இறுதிக் காட்சியையே பெரிதும் புகழ்ந்தார்கள். நமக்கு இப்போது வேறொன்று பெரிதாகத் தெரிகிறது. மகள் பிறந்தபோது வாக்களித்தது ஒரு வாய். நூலை ஒளித்தது அதே வாய். தோழர்களை ஒன்றுசேர்த்து உரிமைக் குரல் எழுப்பியதும் அதே வாய்தான். ஒரே வாயில் மூன்றும் இருக்க இயலாது என்பதைப் பிரகாஷ் ராஜின் இறுகிய தாடை வசனமின்றிச் சொல்லிவிடுகிறது. நல்ல நடிப்பு என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

வேங்கடத்தின் செயல் திருட்டா? குருமட மாணவராயிருந்த நாளில் புனித தோமா அக்குவினாசின் தொகுப்பில் இக்கேள்வியை நாம் படித்ததுண்டு. உயிர் போகும் தேவையில் பிறர் பொருளை எடுப்பது திருட்டாகாது என்பது அவர் துணிபு. அயலாரின் கடுந்தேவைக்காக எடுப்பதற்கும் அவர் இடமளிக்கிறார். ஆனால் பட்டு, உணவாகுமா? அது இல்லாமல் தாமரை செத்துவிடமாட்டாள். ஆகவே தோமையார் வேங்கடத்தை விடுவிக்கமாட்டார் என்று நாம் மாணவர்களுக்குக் கணக்குச் சொல்வதுபோல் சொல்லி வந்தோம். இன்றும் அந்தக் கணக்குத் தவறென்று சொல்லவில்லை. கணக்கைத் தொடங்கிய இடம் தவறு. நாள்தோறும் பிறர் மணமகளுக்கென்று பட்டு நெய்பவன், தன் மகளை ஊரார் முன் மதிப்போடு நிறுத்த வேண்டுமென்று விரும்பியதை ஆடை ஆசை என்று நாம் சுருக்கிவிட்டோம். ஊரில் ஓர் இடம் வேண்டும் என்பதே அந்த ஆசையின் உள்ளடக்கம். இடமற்றவனின் மகளுக்குப் பிற்பாடு என்ன நேர்ந்தது என்பதைப் படமே காட்டுகிறது.

மைத்துனனுக்குப் பணம் கொடுக்கும் பகுதியைப் பார்வையாளர்கள் எளிதில் கடந்துவிடுவார்கள். படத்தின் அச்சாணி அதுதான் என்பது நம் கருத்து. வேங்கடத்திடம் அன்பு ஒருவருக்கு மட்டும் இருந்து இன்னொருவருக்கு இல்லாமற்போகவில்லை. தங்கைக்கும் இருந்தது, மகளுக்கும் இருந்தது. இருந்த பணமோ ஒன்றுதான். ஏழையின் வீட்டில் ஒருவரைத் தாங்குவதென்பது மற்றொருவரிடமிருந்து எடுத்துத் தாங்குவதாகவே பெரும்பாலும் முடிகிறது. வசதியுள்ளவர்களுக்கு இந்தப் போட்டி தெரியாது. தாய்க்கு மருத்துவமும் மகளுக்குப் படிப்பும் அவர்கள் வீட்டில் ஒரே சட்டைப்பையிலிருந்து வந்தாலும் ஒன்றையொன்று தின்பதில்லை.

பின்னர் அதே தங்கை வீடு கதவடைக்கும்போது நமக்குச் சினம் பொங்குகிறது. இயக்குநரும் அதையே விரும்புகிறார். மைத்துனனைப் பணத்தாசை பிடித்தவனாக முன்கூட்டியே வரைந்து வைத்திருப்பதால், மறுப்புக்குக் காரணம் அவன் குணம் என்று நாம் முடிவு கட்டிவிடுகிறோம். இங்கே படம் தன் கேள்வியைத் தானே மழுப்பிவிடுகிறது. முடங்கிய பெண்ணை ஒரு நெசவு வீடு ஏற்றுக்கொள்வதென்றால் என்ன பொருள்? அவளைப் புரட்டிப் படுக்கவைக்க, கழுவ, ஊட்ட ஒருவர் வேண்டும். அந்த ஒருவர் தார் சுற்றுபவராகவோ பாவு பிணைப்பவராகவோ இருப்பார். அவர் எழுந்தால் தறி நிற்கும். அதோடு அவள் திருடனின் மகள், வேலைநிறுத்தத்தைக் காட்டிக்கொடுத்தவனின் மகள். அவளை வீட்டில் வைத்திருக்கும் குடும்பத்தின்மீதும் அந்தப் பெயர் ஒட்டிக்கொள்ளும். நல்லவனொருவன் அதே வாசலில் நின்று அதே மறுப்பைச் சொல்வதாகக் காட்டியிருந்தால், படம் இன்னும் தாங்க முடியாததாகவும் இன்னும் உண்மையாகவும் இருந்திருக்கும்.

மாற்கு நற்செய்தியில் முடக்குவாதமுற்ற ஒருவரை நால்வர் சுமந்து வருகிறார்கள். கூட்டத்தால் வாசலை அணுக முடியாமல் கூரையைப் பிரித்துக் கட்டிலோடு இறக்குகிறார்கள். ஆண்டவர் அவர்களுடைய நம்பிக்கையைக் கண்டார் என்கிறது நற்செய்தி. நால்வர் என்று எண்ணைக் குறித்துச் சொல்வதை நாம் கவனிப்பதில்லை. கட்டிலுக்கு நான்கு மூலை உண்டு, ஒருவர் அன்பு மலையளவு இருந்தாலும் ஒரு மூலையைத்தான் தூக்க முடியும். நம் ஊரிலும் சொல்வார்கள், தூக்கிப் போட நாலு பேரைச் சம்பாதிக்க வேண்டுமென்று. நாம் அதைப் பிணத்துக்கென்று வைத்திருக்கிறோம், நற்செய்தி உயிருள்ளவருக்கென்று வைத்திருக்கிறது. (அந்தக் கூரையைச் செப்பனிட்ட செலவு யாருடையது என்று நமது விவிலியப் பேராசிரியர் ஒருவர் ஆண்டுதோறும் கேட்பார். நாங்கள் ஆண்டுதோறும் சிரிப்போம்.)

வேங்கடத்துக்கு அந்த நால்வர் ஒரு காலத்தில் இருந்தார்கள் என்பதே இப்படத்தின் பெருந்துயரம். வேலைநிறுத்தத்தில் அவனோடு நின்ற தோழர்கள் அவர்கள். மகளின் சேலைக்காக அவர்களைக் கைவிட்ட கணத்தில், அதே மகளைப் பின்னாளில் தூக்கியிருக்கக்கூடிய கைகளை அவனே வெட்டிவிட்டான். பூட்டிய கொட்டிலுக்குள் தனியே நெய்யப்பட்ட சேலை அது. பாவு ஆற்றும் வேலையைப் பார்த்தவர்கள் இதன் பொருளை உணர்வார்கள். விடியற்காலையில் தெருவின் நீளத்துக்கு இழைகளை விரித்துக் கஞ்சியிட்டுச் சீராக்க, அண்டை வீட்டார் வந்து கைகொடுத்தாக வேண்டும். இன்று உன் பாவு, நாளை என் பாவு. காஞ்சிப் பட்டில் கரையையும் உடலையும் தனித்தனி நாடாவால் இணைக்கும் கோர்வை வேலையும் அப்படித்தான், நெசவாளருக்கு மறுபுறம் இன்னொருவர் உட்கார்ந்து நாடாவைத் தள்ள வேண்டும். ஒருவனே ஒளிந்து செய்யக்கூடிய தொழிலன்று இது. அரைச் சேலையோடு நின்றது திருட்டு நூல் போதாமையால் மட்டுமென்று நமக்குத் தோன்றவில்லை.

மறுபுறம் உட்கார்ந்த அந்த இன்னொருவர் யார் என்பதைப் படம் நமக்குக் காட்டாமல் விட்டுவிட்டது. பல பத்தாண்டுகள் அது பெரும்பாலும் ஒரு சிறு பிள்ளை. படத்தின் பட்டறையில் ஆண்கள் நெய்கிறார்கள், பெண்களும் சிறுவரும் கதையின் ஓரத்தில் நிற்கிறார்கள். காஞ்சியின் உண்மை அப்படியன்று. 2003ஆம் ஆண்டு மனித உரிமைக் கண்காணிப்பகம் இந்தியப் பட்டுத் தொழிலில் கொத்தடிமைச் சிறுவர்களைப் பற்றி வெளியிட்ட அறிக்கையில் காஞ்சிபுரமும் இடம்பெற்றது. பெற்றோர் வாங்கிய முன்பணத்துக்கு ஈடாகப் பிள்ளை தறியில் உட்கார்ந்தது. கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976லேயே வந்துவிட்டது. 1986ஆம் ஆண்டின் குழந்தைத் தொழிலாளர் சட்டமும் துணி நெசவை அபாயமான தொழில்முறைகளின் பட்டியலில் வைத்தது. ஆனால் சொந்தக் குடும்பத்தின் துணையோடு நடக்கும் பட்டறைகளுக்கு அது விலக்களித்தது. தறி வீட்டுக்குள் இருக்கும் ஊரில் அந்த விலக்கு எவ்வளவு அகலமான வாசல் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

அந்த முன்பணத்தை எதற்கு வாங்கினீர்கள் என்று நம் பங்கில் முதியவர்களைக் கேட்டிருக்கிறோம். குடிக்கு என்று சொன்னவர்களும் உண்டு. அம்மாவின் வைத்தியத்துக்கு, தங்கை கலியாணத்துக்கு, பிரசவச் செலவுக்கு என்று சொன்னவர்களே மிகுதி. அதாவது ஒருவரைப் பேணுவதற்காக இன்னொருவரின் பிள்ளைப் பருவம் அடகு வைக்கப்பட்டது. வேங்கடம் நூலைத் திருடினான். இவர்கள் திருடாத நல்லவர்கள். எந்த நாடகமும் இன்றி, காவலரும் பேருந்தும் மழையும் இன்றி, இவர்கள் வீட்டுச் சேலையும் பாதியிலேயே நின்றது.

1948க்குப் பின் என்ன ஆயிற்று? படம் அதற்குள் போவதில்லை, போகக் கடமைப்பட்டதுமன்று. ஆனால் விமரிசனம் போகலாம். காஞ்சியில் பட்டுக் கூட்டுறவுச் சங்கங்கள் எழுந்தன. முருகன், காமாட்சி அம்மன், அறிஞர் அண்ணா என்ற பெயர்களில் அவை இன்றும் அறியப்படுகின்றன. சங்கம் நூலும் சரிகையும் தரும், நெசவாளர் சேலையைத் தந்து கூலி பெறுவார். உறுப்பினருக்கென்று சேமிப்பு மற்றும் பாதுகாப்புத் திட்டம் 1975இல் தமிழ்நாட்டில் வந்தது. கூலியில் ரூபாய்க்கு 8 காசு நெசவாளர் இட்டால் அரசு 4 காசு சேர்க்கும். முதியோர் ஓய்வூதியமும் பின்னர் வந்தது. கேட்பதற்கு இவை கணக்குப் புத்தகச் செய்திகள்தாம். இறையியல் படித்தவர்கள் இவற்றைப் படிக்கும்போது கொட்டாவி விடுவதையும் நாம் கண்டிருக்கிறோம். ஆனால் தாயின் மருந்துக்குப் பிள்ளையை அடகு வைக்க வேண்டியதில்லை என்று ஒரு வீட்டை நிமிரச் செய்தது இந்த எட்டுக் காசும் நாலு காசும்தான். தொழிலாளியின் கூலி அவனையும் அவன் குடும்பத்தையும் தாங்கப் போதுமானதாயிருக்க வேண்டுமென்று திருத்தந்தை பதினொன்றாம் பத்திநாதர் 1931இல் எழுதினார். வேங்கடத்தின் இளமைக் காலத்தில் எழுதப்பட்டது அது. காஞ்சியின் தறிகளுக்கு அந்த மடல் வந்து சேர்ந்ததாகத் தெரியவில்லை. கூட்டுறவுச் சங்கம் வந்து சேர்ந்தது.

சங்கம் விண்ணகமன்று என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும். தறி உள்ளவர் உறுப்பினராவார். பிறர் தறியில் கூலிக்கு நெய்பவர், தார் சுற்றும் பெண் ஆகியோர் வெளியேதான் நிற்பார்கள். காஞ்சியைச் சூழ்ந்த சிற்றூர்களில் தொழிலுக்குப் பிந்தி வந்த நம் மக்கள் பலர் இப்படி வெளியே நின்றவர்கள். 1950ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணையால் தலித் கிறிஸ்தவர் பட்டியல் சாதி உரிமைக்கும் வெளியே நிற்கிறார்கள். திருச்சபைக்குள் அவர்கள் எங்கே நின்றார்கள் என்பதைத் தமிழகத்துக் கல்லறைத் தோட்டங்கள் பலவற்றின் நடுச்சுவர்கள் சொல்லும். அரசைக் குறை சொல்லும் பேனாவால் இதையும் எழுதாவிட்டால் நேர்மையாகாது.

நம் பங்கில் நடந்த ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன், பெற்றோரைப் பேணுதல் பற்றிச் சற்றுக் கடுமையாக மறையுரை ஆற்றினோம். நாளுக்கு ஒரு மணி நேரமாவது முதியவர் அருகில் அமருங்கள், அன்புக்குக் காசு வேண்டியதில்லை என்றெல்லாம் சொன்னோம். பல வாரங்களாகத் திருப்பலிக்கு வராத ஒரு பெண்ணைக் கண்டிக்கும் எண்ணத்தோடு அந்த வாரமே அவர் வீட்டுக்கும் போனோம். ஒரே அறை. குழித்தறியை ஒட்டி, கை எட்டும் தொலைவில் கட்டில். அதில் இரண்டாண்டாக எழ இயலாத மாமியார். நாடாவை நாலு முறை ஓட்டுவதும் மாமியாரின் முகத்தைத் திரும்பிப் பார்ப்பதுமாக அந்தப் பெண் நெய்துகொண்டிருந்தார். நம்மைக் கண்டு எழ முயன்றார், உட்காரச் சொன்னோம். "எழுந்தா தறி நிக்கும் சாமி. தறி நின்னா இவங்க மாத்திர நின்னுடும்" என்றார். குறையாகச் சொல்லவில்லை. மழை வரும்போல் இருக்கிறது என்று சொல்வதுபோல் சொன்னார். கண்டிக்க எடுத்துவந்த சொற்களை அப்படியே திரும்ப எடுத்துக்கொண்டு வந்தோம்.

பிறகு மரியாயின் சேனைப் பெண்கள் நால்வரைப் பேசி, முறை வைத்து அந்த வீட்டுக்குப் போகச் செய்தோம். முதல் மாதம் தவறாமல் போனார்கள். திருமணப் பருவத்துக்கான வேலை வந்ததும் ஒவ்வொருவராக நின்றார்கள். அவர்களும் நெசவு வீட்டுப் பெண்கள், பதினைந்து நாளில் சேலையைக் கொடுத்தால்தான் கூலி. நால்வரில் நின்றுவிடாமல் போய்வந்தவர் ஒருவர், ஓய்வு பெற்ற ஆசிரியை. மற்ற மூவரைவிட அவர் புனிதமானவர் என்று யாரும் சொல்லமாட்டார்கள், அவரே சொல்லமாட்டார். மாதந்தோறும் முதல் தேதி அவருக்கு ஓய்வூதியம் வருகிறது, அவ்வளவுதான். நல்ல சமாரியரின் உவமையை அன்றிரவு எடுத்துப் படித்தோம். எண்ணெயும் திராட்சை மதுவும் ஏற்றிச்செல்ல விலங்கும் அவரிடம் இருந்தன. இரண்டு தெனாரியம், அதாவது இரண்டு நாள் கூலியை, எடுத்துக் கொடுக்க முடிந்தது. மீதியைத் திரும்பி வரும்போது தருவேன் என்று அவர் சொன்னதைச் சாவடிக்காரர் நம்பினார். யூதர் ஒதுக்கிய இனத்தவர்தாம், ஆயினும் அந்தச் சாவடியில் அவர் சொல்லுக்கு மதிப்பு இருந்தது. முப்பது ஆண்டு இந்த உவமையை மறையுரைத்தும் அவருடைய பணப்பையைப் பற்றி நாம் ஒரு சொல்லும் சொன்னதில்லை.

'காஞ்சிவரம்' படத்தின் குறைகளில் ஒன்று அதன் அழகு. மழையும் விளக்கொளியும் பின்னணி இசையும் துயரத்தின்மீது மெருகு பூசிவிடுகின்றன. வறுமை இவ்வளவு வண்ணமாக இருப்பதில்லை என்று படம் பார்த்த இளைஞர் ஒருவர் நம்மிடம் சொன்னார், சரியே. எனினும் தாமரையின் வாயருகே சோற்றைக் கொண்டுபோகும் கையில் அழகு ஏதுமில்லை. உயிரைப் பறிக்க எவருக்கும் உரிமையில்லை என்ற திருச்சபையின் போதனையில் நமக்கு ஐயமில்லை. ஆனால் அக்காட்சியை வேங்கடத்தின் பாவமாக மட்டும் படிப்பவர், அதற்கு முந்தைய காட்சியில் சாத்தப்பட்ட கதவைப் படிக்காமல் தாண்டியவராவார்.

மன்றத்தில் அன்று மூதாட்டியின் கேள்விக்கு நாம் மறுமொழி சொல்லவில்லை. ஒரு நெசவாளர்தான் பேச்சைத் தொடர்ந்தார்: "அப்ப ஆரும் இல்ல பாட்டி. இப்ப நம்ம தெருவுல அப்படி ஒரு புள்ள கெடந்தா ஆரு பாப்பா, சொல்லு?" பெண்கள் பெயர்களைச் சொல்லத் தொடங்கினார்கள். அங்கன்வாடி அம்மாள். ஓய்வு பெற்ற ஆசிரியை. ஒரகடத்துத் தொழிற்சாலையில் வேலை பார்க்கும் ஒருவரின் மனைவி, அவர் தறியில் உட்காருவதில்லை. நான்காவது பெயருக்காகச் சற்று நேரம் எல்லாரும் யோசித்தார்கள். பிறகு, விடியற்காலை பாவு ஆற்ற வேண்டுமென்று இரண்டு வீட்டார் எழ, மற்றவர்களும் எழுந்து போனார்கள்.